ஒரே மடல், பல மன்றங்கள்

ஒரு செய்தியைப் பலருக்கும் அறிவிக்க விரும்புகிறவர், முன்பெல்லாம் அதற்குரிய விலையைத் தாமே கொடுக்க வேண்டியிருந்தது. தண்டோரா போட்டவருக்குத் தொண்டை வலித்தது. கடிதம் எழுதியவருக்கு விரல் வலித்தது. துண்டறிக்கை அச்சிட்டவருக்கு மடிச்சீலை இளைத்தது. அந்த வலியே ஒரு வேலியாக நின்று, எதை, யாருக்கு, எத்தனை முறை சொல்வது என்னும் அளவைக் கற்றுக்கொடுத்தது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில், கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியபோது அவ்வேலி சாய்ந்தது. சாய்ந்த இடத்தில், அரசின் ஆணை ஏதுமின்றி, மக்கள் தாமாகவே ஓர் ஒழுக்கத்தை எழுப்ப முயன்றனர். வரலாற்று நூல்களில் அரிதாகவே இடம்பெறும் அம்முயற்சியைப் பற்றி இங்கே சிறிது சிந்திப்போம். இன்று நம் கைகளில் ஒளிரும் சிறு திரைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

1979ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்னும் இரு ஆய்வு மாணவர்கள் ஒரு திட்டம் வகுத்தனர். தம் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறியையும், அண்மையில் சாப்பல் ஹில்லில் இருந்த வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறியையும் தொலைபேசிக் கம்பி வழியாக இணைத்து, செய்திகளைப் பரிமாறிக்கொள்வதே அத்திட்டம். சாப்பல் ஹில்லில் பயின்ற ஸ்டீவ் பெல்லோவின் அதற்கான முதல் நிரலை எழுதினார். 1980இல் வெளியுலகுக்கு அறிமுகமான இவ்வமைப்புக்கு யூஸ்நெட் என்று பெயர். பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்ட கலந்துரையாடல் மன்றங்கள் அதில் செய்திக்குழுக்கள் எனப்பட்டன. சமையலுக்கு ஒரு குழு, கணிதத்திற்கு ஒரு குழு, இசைக்கு ஒரு குழு என்று அவை பெருகின. அயல்நாடுகளில் பயின்ற நம் தமிழ் மாணவர்களும் பின்னாளில் தமக்கென ஒரு செய்திக்குழு அமைத்துக்கொண்டு, தமிழ் எழுத்து வசதி இல்லாத நிலையில் உரோமன் எழுத்துக்களைக் கொண்டே தமிழில் வாதிட்டனர்.

யூஸ்நெட்டுக்குத் தலைமை நிலையம் கிடையாது. ஒவ்வொரு கணிப்பொறியும் தன் அண்டைக் கணிப்பொறியைத் தொலைபேசியில் அழைத்து, தன்னிடம் உள்ள புதிய செய்திகளைக் கொடுத்து, அங்குள்ளவற்றைப் பெற்றுக்கொள்ளும். கட்டணம் குறைவு என்பதால் பெரும்பாலும் இரவு வேளையில் இப்பரிமாற்றம் நடைபெறும். ஊரிலிருந்து ஊருக்குக் கைமாறிச் செல்லும் அஞ்சற்பையைப் போன்றது இது. ஆனால் ஒரு வேறுபாடு: அஞ்சற்பை உரியவரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு முன்னே செல்லும். யூஸ்நெட்டிலோ, ஒருவர் எழுதியது அக்குழுவைப் பெறுகின்ற எல்லாக் கணிப்பொறிகளிலும் படியெடுத்து வைக்கப்படும். எழுதுகிறவருக்குச் செலவு ஏறத்தாழ ஏதுமில்லை. தொலைபேசிக் கட்டணத்தையும் சேமிப்பிடத்தையும் முன்பின் அறியாத பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் ஏற்றன. ஒருவருடைய வாயாடித்தனத்துக்கு ஊரார் பணம் கட்டினர் என்று சுருங்கச் சொல்லலாம்.

இந்நிலையை உணர்த்துவதற்கு அக்காலத்தார் கையாண்ட வழி நம் கவனத்திற்குரியது. 1984இல் லாரி வால் என்பவர் செய்திக்குழுக்களைப் படிப்பதற்கான நிரல் ஒன்றை வெளியிட்டார். அதைக் கொண்டு எவரேனும் புதிய செய்தி அனுப்ப முற்பட்டால், அது உடனே கீழ்ப்படியாது. இச்செய்தி ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளுக்குச் செல்லப்போகிறது, இதனால் நூற்றுக்கணக்கில், ஒருவேளை ஆயிரக்கணக்கில் டாலர் செலவாகும், நீர் செய்வது இன்னதென்று உமக்குத் தெரியுமா, உறுதியாகவே இதைச் செய்ய விரும்புகிறீரா என்ற பொருள்பட ஒரு வினாவை எழுப்பி விடைக்காகக் காத்திருக்கும். இயந்திரத்தின் வாயில் வைக்கப்பட்ட ஆன்மசோதனை என்றே அதைக் கூறத் தோன்றுகிறது. லாரி வால் மொழியியல் பயின்றவர். எழுத்து வடிவம் பெறாத ஏதேனும் ஒரு மொழிக்கு எழுத்து அமைத்து, அதில் விவிலியத்தை மொழிபெயர்க்க வேண்டுமென்று தம் மனைவியோடு சேர்ந்து எண்ணியிருந்தவர். உடல்நலக் காரணத்தால் அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. சொல்லைப் பிறரிடம் கொண்டு சேர்ப்பது எத்துணைப் பொறுப்பு வாய்ந்த செயல் என்று எண்ணிப் பார்த்தவர், அனுப்பும் விரலை ஒரு கணம் தடுத்து நிறுத்தியதில் வியப்பில்லை.

இனி, ஒரே செய்தியைப் பல குழுக்களுக்கு அனுப்பும் முறைக்கு வருவோம். ஒரு பொருள் இரண்டு மூன்று குழுக்களுக்கு உரியதாக இருப்பது இயல்பே. தென்னிந்திய மீன் குழம்பு வைக்கும் முறையை அறிய விரும்பும் ஒருவர், சமையல் குழுவில் கேட்கலாம். இந்தியப் பண்பாட்டுக் குழுவிலும் கேட்கலாம். யூஸ்நெட் இதற்கு இடமளித்தது. செய்தியின் தலைப்பகுதியில் 'குழுக்கள்' என்றொரு வரி உண்டு. அவ்வரியில் இரு குழுக்களின் பெயர்களையும் காற்புள்ளியிட்டு எழுதினால், செய்தி ஒன்றாகவே நிற்கும். கணிப்பொறி அதை ஒரே படியாகச் சேமித்து, இரு குழுக்களிலிருந்தும் பார்க்கும்படி வைக்கும். இரு குழுக்களிலும் உறுப்பினராக உள்ள ஒருவர் ஓரிடத்தில் அதைப் படித்துவிட்டால், மற்ற இடத்தில் அது மீண்டும் அவர் கண்முன் வராது. எவரேனும் மறுமொழி எழுதினால் அதுவும் இயல்பாகவே இரு குழுக்களுக்கும் செல்லும். ஆகவே, இங்கே கூறிய விடையை அங்கிருப்பவரும் காண்பார்.

இவ்வாறன்றி, அதே செய்தியைத் தனித்தனியே இரு முறை அனுப்புவாரும் இருந்தனர். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. விளைவிலோ பெரும் வேறுபாடு. இரண்டு படிகள் உலகெங்கும் சுமக்கப்படும். படித்தவரே மறுபடியும் படிப்பார். சமையல் குழுவில் ஒருவர் நல்ல விடை கூறியிருக்க, அதை அறியாமல் பண்பாட்டுக் குழுவில் நால்வர் மூளையைக் கசக்கிக்கொண்டிருப்பர். உரையாடல் இரண்டாக உடைந்துவிடும். முதல் முறையை நாகரிகமென்றும், இரண்டாம் முறையை நாகரிகக் கேடென்றும் யூஸ்நெட் மக்கள் கருதினர். முதல் முறையிலும் ஓர் அடக்கம் எதிர்பார்க்கப்பட்டது. குழுக்களின் எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும். அச்செய்தி அவை ஒவ்வொன்றுக்கும் உண்மையிலேயே உரியதாக இருக்க வேண்டும். மறுமொழிகள் இனி இன்ன குழுவுக்கு மட்டும் செல்லட்டும் என்று தலைப்பகுதியில் மற்றொரு வரி எழுதி, அவ்வாறு எழுதியிருப்பதைச் செய்தியின் உள்ளேயும் தெரிவிக்க வேண்டும். நான்கு வீட்டார்க்கு அழைப்பு விடுத்தாலும் பேச்சு ஒரு திண்ணையில் நடக்கட்டும் என்னும் ஏற்பாடு இது.

இவ்வொழுக்கத்தைக் கற்பித்தவர்களுள் நகைச்சுவையாளரும் உண்டு. அமெரிக்கரிடையே நல்லொழுக்க நூலுக்குப் பெயர்போனவர் எமிலி போஸ்ட் அம்மையார்; அவருடைய நூல் 1922இல் வெளிவந்தது. அவர் பெயரைச் சற்றே திரித்து, பிராட் டெம்பிள்டன் என்பவர் யூஸ்நெட்டில் ஒரு கற்பனை அம்மையாரைப் படைத்தார். அவ்வம்மையார் வினாக்களுக்கு விடையளிப்பார். எல்லாம் தலைகீழான அறிவுரை. உம் செய்தியை எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பும். அதுவும் தனித்தனியே அனுப்பும். ஒன்றாக அனுப்பினால் படிப்பவர் ஒரு முறை மட்டுமே படித்துத் தப்பித்துக்கொள்வாரே, அதை விடலாமா என்கிற போக்கில் அவர் உபதேசிப்பார். சிரித்துக்கொண்டே புதியவர்கள் பாடம் கற்றனர். திட்டிக் கற்பிப்பதினும் இது மேலான வழி என்பது நம் கருத்து.

இத்தனையும் 1994ஆம் ஆண்டில் சோதனைக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு சனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் கடும் நிலநடுக்கம் ஏற்பட்டது. மறுநாள், கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணிப்பொறிப் பணியிலிருந்த ஒருவர், இயேசு விரைவில் வருகிறார் என்று உலகனைத்தையும் எச்சரிக்கும் நீண்டதொரு செய்தியை எழுதி, எல்லாச் செய்திக்குழுக்களுக்கும் தனித்தனியே அனுப்பினார். நிலநடுக்கம், போர், வெள்ளம், தீ ஆகியவற்றை அவர் இறுதிக்காலத்தின் அறிகுறிகளாகக் காட்டியிருந்தார். வணிக நோக்கமற்ற, ஆர்வத்தால் எழுந்த செயல் அது. ஆயினும் யூஸ்நெட் முழுவதையும் ஒரே செய்தியால் நிறைத்த முதற்பெரும் நிகழ்ச்சி என்று அதையே குறிக்கின்றனர். முதன்முதல் அவ்வேலி தாண்டப்பட்டது ஆண்டவரின் பெயரால் என்பது கிறிஸ்தவர்களாகிய நமக்குக் கூச்சம் தருகின்ற செய்தியே.

நற்செய்தியை எல்லார்க்கும் அறிவிக்க வேண்டும் என்பது கட்டளையாயிற்றே, அவர் செய்ததில் பிழை என்ன என்று சிலர் வினவக்கூடும். நேர்மையான வினா இது. விடையைத் தொடக்கத் திருச்சபையின் பழக்கத்திலேயே காணலாம். கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதியில், இதைப் படித்தபின் இலவோதிக்கேயா சபையிலும் படிக்கச் செய்யுங்கள், அங்கிருந்து வருவதை நீங்களும் படியுங்கள் என்று ஏற்பாடு செய்யப்படுகிறது. ஒரே மடல் இரு சபைகளுக்கு. ஆனால் கைமாறி, பகிர்ந்து. திருவெளிப்பாட்டு நூல் இன்னும் நுட்பமானது. நூல் முழுவதும் ஏழு திருச்சபைகளுக்கும் பொதுவாக அனுப்பப்படுகிறது. எனினும் ஒவ்வொரு சபைக்கும் அதனதன் பெயர் சொல்லித் தனிச்செய்தி உண்டு. சிமிர்னாவுக்குக் கூறியது இலவோதிக்கேயாவுக்குப் பொருந்தாது. முன்னதற்குக் கடிந்துரை இல்லை, பின்னதற்குப் பாராட்டு இல்லை. எபேசின் குறை எபேசுக்கே உரியது. எல்லாரும் எல்லாவற்றையும் கேட்கின்றனர். ஆயினும் ஒவ்வொருவரும் தம் பெயரைக் கேட்கின்றனர். 1994 சனவரியில் வந்த செய்தியோ, கணித வல்லுநரையும் தோட்டக்காரரையும், நோயுற்றோர் ஒருவருக்கொருவர் ஆறுதல் கூறிக்கொண்ட குழுவினரையும் ஒரே குரலில் ஒரே சொற்களால் அதட்டியது. அவர்களுள் எவரும் அங்கே அறியப்படவில்லை. அறியாதவரிடம் பேசுவது மறைப்பணிதான். அறிய விரும்பாமலேயே பேசுவதை அப்பெயரால் அழைக்க நமக்கு மனம் வரவில்லை.

மூன்று திங்கள் கழிந்தன. ஏப்ரல் 12 அன்று அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் வழக்கறிஞர்களாக இருந்த லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் என்னும் கணவன் மனைவியர், 5,500க்கும் மேற்பட்ட செய்திக்குழுக்களுக்கு ஒரு விளம்பரத்தை அனுப்பினர். அமெரிக்காவில் நிலையாகக் குடியேற உரிமை தரும் பச்சை அட்டைக்கான குலுக்கலில் சேர, தம் உதவியைக் கட்டணத்திற்குப் பெறலாம் என்பது விளம்பரத்தின் சாரம். அக்குலுக்கலுக்கு விண்ணப்பிக்க அரசு கட்டணம் ஏதும் வாங்கவில்லை. விவரங்களை எழுதி அஞ்சலில் அனுப்பினாலே போதுமானதாக இருந்தது. மேலும் ஒன்று நம்மைத் திகைக்க வைக்கிறது. தகுதியற்ற நாடுகளின் பட்டியலும் அவ்விளம்பரத்திலேயே இருந்தது. அதில் இந்தியாவின் பெயரும் உண்டு. குழுவின் பெயரைக்கூடப் பாராமல் அனுப்பப்பட்ட அச்செய்தியால், இந்தியர்கள் கூடிப் பேசும் ஒரு குழுவில் எவருக்கு என்ன பயன் விளைந்திருக்கும்?

ஒரே செய்தியில் குழுக்களின் பெயர்களைச் சேர்த்து எழுதாமல் தனித்தனிப் படிகளாக அனுப்பியதால், எக்குழுவுக்குப் போனாலும் அது மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்டது. அதை அனுப்பிய நிரல் பெர்ல் என்னும் கணிப்பொறி மொழியில் எழுதப்பட்டது. பெர்லை உருவாக்கி 1987இல் வெளியிட்டவர், நாம் மேலே கண்ட லாரி வால்! நிறுத்தி யோசிக்கச் சொன்ன கையிலிருந்தே நிறுத்தாமல் அனுப்பும் கருவியும் பிறந்தது. அவரைக் குறை கூற இடமில்லை. கத்தி செய்தவர் கையிலா குற்றம்?

எதிர்ப்பு வெள்ளமெனப் பொங்கியது. கண்டனக் கடிதங்களின் பெருக்கால் அவ்விருவருக்கும் இணைய வசதி அளித்த நிறுவனத்தின் கணிப்பொறிகள் மீண்டும் மீண்டும் செயலிழந்தன. அந்நிறுவனம் அவர்கள் கணக்கை முடித்துக்கொண்டது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், வேண்டாத தொலைநகல்களை அனுப்பியும், அவர்கள் பெயரில் வார இதழ்களுக்குச் சந்தா கேட்டு எழுதியும் பழி தீர்த்தனர். இதை நாம் பாராட்ட இயலாது. குப்பை கொட்டியவர் வாசலில் குப்பையைக் கொட்டுவது தெருவைத் தூய்மையாக்காது. அத்தம்பதியர் வருந்தவுமில்லை, தாம் நிறையப் பொருள் ஈட்டியதாகக் கூறி, அவ்வழியைப் பிறருக்குக் கற்பிக்கும் நூலொன்றையும் எழுதினர். 1997இல் டென்னசி மாநிலத்தில் கேன்டரின் வழக்கறிஞர் உரிமை பறிக்கப்பட்டது; விளம்பர முறைகேடும் அதற்கான காரணங்களுள் ஒன்று. இத்தகைய வேண்டாச் செய்திகளுக்கு வழங்கும் 'ஸ்பாம்' என்னும் பெயர், தகரப் பெட்டியில் விற்கப்படும் ஓர் இறைச்சியின் பெயர். 1970இல் வந்த ஆங்கில நகைச்சுவைத் தொலைக்காட்சிக் காட்சி ஒன்றில், உணவகத்தில் எதைக் கேட்டாலும் அவ்விறைச்சியே பரிமாறப்படும். அங்கிருந்து வந்தது இப்பட்டம்.

நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்த சமூகம் இப்போது கணக்குப் போடத் தொடங்கியது. சேத் பிரைட்பார்ட் என்பவர் பெயரால் ஓர் அளவுகோல் வழக்கிற்கு வந்தது. ஒரு செய்தியின் ஒவ்வொரு படியும் எத்தனை குழுக்களுக்குப் போயிற்று என்று பார்த்து, அவ்வெண்ணின் வர்க்கமூலத்தைக் கண்டு, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். ஒரே படியை 9 குழுக்களுக்குச் சேர்த்து அனுப்பியவருக்குக் கணக்கு 3 மட்டுமே. அதையே தனித்தனியாக 9 முறை அனுப்பியவருக்குக் கணக்கு 9. நாற்பத்தைந்து நாள்களுக்குள் இத்தொகை 20ஐ எட்டினால் அச்செய்தியை நீக்கலாம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதன் அழகு என்னவெனில், செய்தியின் உள்ளடக்கத்தை இவ்வளவுகோல் நோக்கவே இல்லை. விளம்பரமாயினும் விவிலியமாயினும் கணக்கு ஒன்றே. உன் கருத்து எமக்குப் பிடிக்கவில்லை என்று எவர் வாயையும் அடைக்க அதில் வழியில்லை. எத்தனை முறை கத்தினாய் என்பதே வினா. சமய ஆர்வத்தால் 1994 சனவரியில் அனுப்பியவரும், பொருளாசையால் ஏப்ரலில் அனுப்பியவரும் அதன்முன் ஒரே வரிசையில் நிற்பர். இது நீதியா என்று நாமும் எண்ணிப் பார்த்தோம். நோக்கத்தைக் கடவுள் பார்க்கிறார்; சுமையைச் சுமப்பவரோ எடையைத்தான் உணர்கிறார்.

1995 அக்டோபரில் சாலி ஹேம்பிரிட்ஜ் அம்மையார் தொகுத்த இணைய நன்னடத்தைக் குறிப்புகள் வெளிவந்தன. ஒரே செய்தியை ஒன்றுக்கு மேற்பட்ட அஞ்சற்குழுக்களுக்கு அனுப்பும்போது, அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கல்வியாளர்களின் கருத்தரங்க அறிவிப்புகள் பல, பல குழுக்களில் இதை அனுப்புவதற்கு மன்னிக்கவும் என்ற வரியோடு தொடங்குவது இதனால் வேரூன்றிய வழக்கம். ஒப்புரவு அருளடையாளத்தின் இறையியலைக் கற்றவர்களுக்கு இவ்வரி ஒரு புதிராகவே இருக்கும். செய்துகொண்டே மன்னிப்புக் கேட்பதும், நாளையும் செய்வேன் என்று அறிந்தே கேட்பதும் எங்ஙனம் மனத்துயர் ஆகும்? ஆனால் நெருங்கி அமர்ந்திருப்போரின் நடுவே கடந்து செல்பவர் குனிந்து, கையை முன்னே நீட்டிச் செல்கிறாரே, அதையும் நாம் பாவசங்கீர்த்தனமாகக் கொள்வதில்லை. உமக்கு இடையூறு செய்கிறேன் என்பதை நான் அறிவேன் என்னும் ஒப்புதல் அது. அவ்வொப்புதல் இருக்கும்வரை எதிரே இருப்பவர் மனிதர் என்னும் நினைவு இருக்கிறது.

யூஸ்நெட் மெல்ல மெல்ல ஒளி குன்றியது. 2001இல் அதன் பழைய செய்திகளின் பெருந்தொகுப்பை வாங்கிக்கொண்ட கூகுள் நிறுவனம், 2024 பிப்ரவரியில் தன் தளத்தின் வழியே அதில் புதிய செய்தி எழுதும் வசதியை நிறுத்திவிட்டது. மன்றங்கள் இடம் மாறின. நம் பங்குகளையே பாருங்கள். அன்பியத்திற்கு ஒரு வாட்ஸப் குழு, இளையோர் இயக்கத்திற்கு ஒன்று, மரியாயின் சேனைக்கு ஒன்று, பாடகர் குழுவுக்கு ஒன்று. நான்கிலும் இருக்கும் ஒருவருக்குத் திருவிழாக் கொடியேற்ற அறிவிப்பு நான்கு முறை வரும். பூக்கள் சூழ்ந்த காலை வணக்கங்களோ கணக்கில் அடங்கா. அவை சிறு தொல்லைகள், பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க இயலாதனவும் நிகழ்ந்தன. 2018ஆம் ஆண்டில், குழந்தை கடத்துவோர் ஊருக்குள் நுழைந்துவிட்டனர் என்னும் பொய்ச்செய்தி இந்தியாவின் பல மாநிலங்களில் கைப்பேசி வழியே குழுவுக்குக் குழு தாவியது. அவ்வாண்டு மே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்னையிலிருந்து உறவினரோடு கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட சிறுவர்களுக்கு இனிப்புக் கொடுத்தார். கூட்டம் கூடிற்று. அடித்தே கொன்றனர். சூலை முதல் நாள் மகாராட்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐவர் அவ்வாறே மாண்டனர். அம்மாதமே வாட்ஸப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதபடி வரம்பு விதித்தது. 2019 சனவரியில் உலகெங்கும் அவ்வரம்பு வந்தது. மிகப் பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கினர். அனுப்புமுன் உறுதியாகவா என்று கேட்ட பழைய நிரல் விடையை மனிதரிடம் விட்டிருந்தது. புதியது கேட்பதில்லை, எண்ணிக்கை முடிந்ததும் கதவைச் சாத்துகிறது.

ஆனால் பழைய ஏற்பாட்டில் இருந்த ஒன்று புதியதில் இல்லை. யூஸ்நெட்டில் ஒரு பொய்யை ஐந்து குழுக்களுக்குச் சேர்த்து அனுப்பினால், இது பொய் என்று ஒருவர் எழுதும் மறுப்பும் அதே ஐந்து குழுக்களுக்கு இயல்பாகவே சென்றது. பொய் நடந்த தடத்திலேயே மெய்யும் நடந்தது. கைப்பேசியில் முன்னனுப்பப்படும் செய்தி, தான் புறப்பட்ட இடத்தோடு தொடர்பை அறுத்துக்கொண்டு போகிறது. தன் குழுவில் அதைக் கண்டு, இது உண்மையன்று என்று எழுதுகிறவரின் சொல் அக்குழுவோடு நின்றுவிடுகிறது. 2018இல் தமிழகக் காவல் துறை அச்செய்திகள் பொய்யானவை, நம்பாதீர் என்று அறிவித்தது. அவ்வறிவிப்பை எந்தெந்தக் குழுக்களுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்வதற்கு, தலைப்பகுதியில் எழுதப்பட்ட ஒரு வரியும் எங்கும் இருக்கவில்லை.